யோகமலர் வாங்கிக் கொடுத்த கடிதம்

கனடாவின் ஸ்காபரோவில் ஐஸ் ஹொக்கி பார்க்கப் போகும் தமிழ்த் தாய்மாரை விரல் மடித்து எண்ணிவிடலாம். அவர்களிலும், கோல் வலைக்கு நேர் பின்னால், கண்ணாடித் தடுப்பில் மூக்கு முட்ட நின்றுகொண்டு, "விடாதையடி! பிடி! பிடியடி அதை!" என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் ஒருத்திதான். யோகமலர். வயது நாற்பத்தொன்பது. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் இடத்தில் பதினெட்டு வருடமாக வேலை. அவள் கத்துவதைக் கேட்டுக் கேட்டு வெள்ளைக்காரத் தாய் தகப்பன்மாரும் பழகிவிட்டார்கள். பக் என்கிற அந்தக் கறுப்பு றப்பர் வில்லை வலைப்பக்கம் வந்தால் போதும், அரீனா முழுக்க "விடாதே! விடாதே!" என்று ஒரு கூச்சல் கிளம்பும். யோகமலருக்கு அதில் வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

வலையைக் காப்பவள் அவளுடைய மகள் அட்சயா. ஒரே பிள்ளை, பதினேழு வயது. ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் ஸ்கேற்றிங்குக் கூட்டிப் போனார்கள். போன பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். விழுந்துவிட்டாளாக்கும் என்று யோகமலர் முழங்காலைத் தடவிப் பார்த்தால், அழுகை அதற்கல்ல, ஏன் இவ்வளவு சீக்கிரமாக வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள் என்பதற்காம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

சொந்தக்காரர் சும்மா இருந்தார்களா? ரூஜில் இருக்கிற தங்கைக்காரி நிரோஷினி முதல் ஆளாகக் கொடி பிடித்தாள். "அக்கா, உங்களுக்கென்ன விசரே? பொம்பிளைப்பிள்ளையை உந்தச் சண்டைக்காரரோடை இறக்கிறியள். மூஞ்சையிலை அடி விழுந்தா ஆர் கட்டுறது?" யோகமலருக்கு ஒரு குணம். யாராவது வேண்டாம் என்று சொன்னால் அதைச் செய்து காட்டாமல் அவளுக்குச் சோறு இறங்காது. கணவர் இரத்தினவேல் பிறம்ரனிலிருந்து ரெக்சஸ் வரைக்கும் லொறி ஓடுகிற மனிதர். கிழமையில் ஐந்து நாள் தெருவில். போனில் கேட்டால், "நீர் பார்த்துச் செய்யும்" என்பார். அவள் பார்த்துத்தான் செய்தாள். பனியென்றும் மழையென்றும் பாராமல் பத்து வருடம் அந்தப் பெரிய ஹொக்கிப் பையைக் காரில் ஏற்றி இறக்கியது அவள்தான்.

இந்த வருடம் செப்டெம்பரில் அட்சயாவைப் பிராந்திய ஜூனியர் லீக்கில் எடுத்தார்கள். ரீமின் பெயர் ரூஜ் ஹெரன்ஸ். ஹெரன் என்றால் கொக்கு. யோகமலர் ஒருநாளும் ஹெரன்ஸ் என்று சொன்னதில்லை. "எங்கடை கொக்குகள்" என்றுதான் சொல்வாள். கொக்குகள் ஒக்ரோபரில் தடுமாறி, நொவெம்பரில் எழும்பின. பீற்றர்பரோவில் ஒரு மட்ச்சில் அட்சயா வலைக்கு வந்த நாற்பத்தொரு அடியைப் பிடித்தாள். அதோடு வலை அவளுக்கே நிரந்தரமானது. ஜனவரி மூன்றாம் சனிக்கிழமை மிசிசாகாவில் ஒரு பெரிய மட்ச், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆட்கள் வந்து பிள்ளைகளைப் பார்த்து எடுப்பார்கள், அட்சயாவின் பெயரைக் கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள் என்று கோச் சொன்னார்.

அதைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் அவள் யோகமலர் அல்லவே. மார்கழி பிறக்க முன்னம் நிரோஷினியின் புது வீட்டுக் குடிபூரல் வந்தது. எழுபது எண்பது பேர் கூடிய இடம். கையில் மோதகத் தட்டோடு நடுக் கூடத்தில் நின்று, "தைப்பொங்கல் கையோடை எங்கடை பிள்ளையைப் பார்க்க அமெரிக்காவிலையிருந்து வருகினம்" என்று சொல்லிவிட்டாள். தங்கைக்கும் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னாள். கேட்டது. பத்து வருடக் கேலிக்கு ஒரே வசனத்தில் வட்டியும் முதலும் கொடுத்துவிட்ட சந்தோசத்தில் அன்றைக்கு அவள் இரண்டு தரம் பாயசம் குடித்தாள்.

ஜனவரி முதற் சனிக்கிழமை ஒஷாவாவில் மட்ச். எதிர்ப்பக்கத்துப் பெட்டை ஒருத்தி வந்த வேகத்தை அடக்க முடியாமல் அட்சயாவை வலைக்குள்ளேயே இடித்துத் தள்ளினாள். பிடரி கோல் கம்பத்தில் அடித்தது. ஹெல்மெற் போட்டிருந்தாள், ஆனாலும் அந்தச் சத்தம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற யோகமலருக்குக் கேட்டது. பிள்ளை எழும்பினாள். எழும்பி, தன்னுடைய வலையை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்து வலையை நோக்கிப் போகத் தொடங்கினாள்.

ரீமில் அடிகாயம் பார்க்கிறவர் கிளிபோட். முப்பது வருடம் அம்புலன்ஸில் வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதர். சும்மா, பிள்ளைகளுக்காக வந்து நிற்பவர். ஓடிப்போய் அவளைக் கையில் பிடித்து வெளியே கொண்டுவந்தார். கார் நிறுத்துமிடத்தில் யோகமலருக்கு விளக்கமாகச் சொன்னார். மூளை குலுங்கியிருக்கிறது. முழு ஓய்வு வேண்டும். தலையிடி, தலைச்சுற்று, வெளிச்சம் கூசுவது எல்லாம் முற்றாகப் போகவேண்டும். அதற்குப் பிறகும் டொக்டரின் கடிதம் இல்லாமல் ஐஸில் காலே வைக்க முடியாது. ஆறாத தலையில் இன்னொரு அடி, சின்ன அடியாக இருந்தாலும், விழுந்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்றார். அந்தக் கடைசிச் சொல்லை அவர் இரண்டு தரம் சொன்னார். யோகமலர் தலையாட்டினாள். தலையாட்டிக்கொண்டே மனதுக்குள் நாளை எண்ணினாள். சரியாகப் பதினாலு நாள் இருந்தது.

முதற்கிழமை அட்சயா அறையிலேயே கிடந்தாள். யன்னல் சீலையை இழுத்து மூடச் சொன்னாள். யோகமலர் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள், நெற்றியில் தைலம் பூசிவிட்டாள், கோயிலில் அர்ச்சனையும் செய்வித்தாள். செவ்வாய்க்கிழமை அட்சயா புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

"அம்மா, எழுத்தெல்லாம் மூவ் பண்ணுது."

"கண்ணுக்கு ஓய்வில்லாமல் போனைப் பார்த்தா அப்பிடித்தான். படு."

"போன் பார்க்கேல்லை அம்மா. பார்த்தாலே சத்தி வருது." குமட்டலில் வாயைப் பொத்தினாள்.

"எல்லாம் ரெண்டு நாளிலை மாறும், பிள்ளை."

மாறவில்லை. அடுத்த புதன்கிழமை காலை யோகமலர் குசினிக்குள் வந்தபோது தண்ணீர்க் குழாய் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. அட்சயா அதைப் பார்த்தபடி நின்றாள். கையில் கோப்பை இல்லை.

"என்னடி செய்யிறாய்?"

"தெரியேல்லை." பிள்ளை அழத் தொடங்கினாள். "அம்மா, ஐ டோன்ற் பீல் றைற். இன்னும் சுத்துது. நான் சனிக்கிழமை விளையாட மாட்டன்."

யோகமலர் குழாயைப் பூட்டினாள். பயந்தாள், அது உண்மை. இந்த இடத்தில் ஒரு போன், கிளிபோட்டுக்கு ஒரேயொரு போன் எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பயத்துக்கு மேலே இன்னொன்று ஏறி உட்கார்ந்தது. குடிபூரலில் நின்ற எண்பது பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். "பெட்டை விளையாடேல்லையாம், அமெரிக்காவும் இல்லையாம்" என்று நிரோஷினி போனில் ஊருக்குச் சொல்வது காதில் கேட்டது. பிள்ளை பயத்தில் சொல்கிறாள், பெரிய மட்ச் என்றால் யாருக்குத்தான் தலை சுற்றாது என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டாள். முகத்தைக் கழுவச் சொன்னாள். அன்று பின்னேரமே டொக்டர் இராஜரட்ணத்திடம் கூட்டிப் போனாள்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். பிள்ளையை டொக்டரிடம் கூட்டிப் போனால், அந்தப் பிள்ளைக்கு முப்பது வயதானாலும், வருத்தத்தைச் சொல்வது தாய்தான். டொக்டரும் தாயைப் பார்த்துத்தான் கேட்பார். இராஜரட்ணம் நல்ல மனிதர், இரக்கமானவர், ஸ்காபரோவில் பாதித் தமிழருக்கு அவர்தான் குடும்ப டொக்டர். லீவுக் கடிதம், இமிகிரேசன் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் என்று கேட்டு வந்தவர் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. போதாததற்கு யோகமலரும் அவரும் ஒரே ஊர். அவருடைய மகளின் அரங்கேற்றத்துக்கு இருநூறு சாப்பாட்டுப் பொதி கட்டிக் கொடுத்தவள் அவள். பொங்கல் கிழமை, வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள்.

"எப்பிடி இருக்கு இப்ப?" என்று டொக்டர் கேட்டார்.

"இப்ப நல்ல சுகம், டொக்டர்" என்றாள் யோகமலர்.

"தலையிடி?"

"முதல் ரெண்டு நாள் இருந்தது. இப்ப ஒண்டுமில்லை."

"தலைச்சுற்று, சத்தி?"

"இல்லை, இல்லை. நல்லாச் சாப்பிடுறாள்."

டொக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அட்சயா கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். "பிள்ளை, நீர் சொல்லும். அம்மா சொல்லுறது சரிதானே?"

அட்சயா தாயைப் பார்த்தாள். யோகமலர் அவளைப் பார்க்கவில்லை; கைப்பையின் சிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம், டொக்டர்" என்றாள் அட்சயா.

"இன்னும் ஒரு கிழமை பொறுக்கலாமே, யோகமலர்? பொங்கல் முடிய வாங்கோவன், வடிவாப் பார்த்துத் தாறன்."

"சனிக்கிழமை மட்ச், டொக்டர். பிள்ளையின்ரை எதிர்காலம். உங்களை விட்டா எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

அந்தக் கடைசி வசனத்துக்கு எதிரே எந்தத் தமிழ் டொக்டரால் நிற்க முடியும்? கடிதம் ஐந்து நிமிடத்தில் அச்சாகி வந்தது.

சனிக்கிழமை காலை, மிசிசாகா அரீனாவுக்கு வெளியே காருக்குள் இருவரும் இருந்தார்கள். வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் குத்தியது. அட்சயா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பையை இறக்க யோகமலர் கதவைத் திறந்தபோது அவள் தாயின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, பிளீஸ். கிளிபோட்டிட்டைச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா அவர் கேப்பார். நான் சொன்னா கோச் கோவிக்கும்."

யோகமலர் கதவைத் திரும்பச் சாத்தினாள். மகளின் தலையைத் தடவினாள். "இஞ்சை பார், செல்லம். ஒரு மட்ச். ஒரே ஒரு மட்ச். அதுக்குப் பிறகு நீ ஒரு மாதம் படுத்துக் கிட, நான் ஒண்டும் கேக்க மாட்டன். பத்து வருசம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும்தானே. எனக்காகச் செய்யம்மா."

அட்சயா முகத்திலிருந்த சால்வையை எடுத்து மடித்தாள். பிறகு, "ஓகே" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அவள் தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை. அந்தக் குணத்தை எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவளும் யோகமலர்தான்.

கிளிபோட் கடிதத்தை வாங்கி வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். அட்சயாவிடம் போய்க் குனிந்து ஏதோ கேட்டார். அவள் பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

முதற் பகுதியில் பதினாலு அடி வந்தது. பதினாலையும் பிடித்தாள். மேலே கறுப்புக் கோட்டுகளோடு இருந்த அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்கள் எதையோ எழுதுவதை யோகமலர் எட்டிப் பார்த்தாள். அந்தப் பதினைந்து இருபது நிமிடம் அவள் வாழ்க்கையிலேயே மிகச் சந்தோசமாக இருந்த நேரம் என்று சொன்னால் அது பொய்யில்லை. காலையில் கார் கதவைச் சாத்தியதையே மறந்துபோனாள்.

இரண்டாம் பகுதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், தூரத்தில் நின்ற ஒருத்தி பக்கைச் சும்மா வலைப்பக்கம் தூக்கிப் போட்டாள். பெரிய அடியே இல்லை. அது யாரோ ஒருத்தியின் ஹொக்கித் தடியில் பட்டுத் திரும்பி, அட்சயாவின் முகமூடியில் "டக்" என்று விழுந்தது. அவள் முழங்காலில் இருந்தாள். விளையாட்டு மற்றப் பக்கம் போய்விட்டது. அவள் அப்படியே இருந்தாள். பிறகு மெல்ல முன்னால் சாய்ந்து, முகம் ஐஸில் பட விழுந்தாள். விழும்போது கைகளை ஊன்றவில்லை.

"எழும்பு!" என்று யோகமலர் கண்ணாடியில் அறைந்தாள். "அட்சயா! எழும்படி! எழும்பு, என்ரை ராசாத்தி!" பெஞ்சில் இருந்து கிளிபோட் ஓடி வந்தார், அறுபத்தெட்டு வயது மனிதர், ஐஸில் வழுக்கி விழுந்து, தவழ்ந்து போய்ச் சேர்ந்தார். அரீனாவில் ஒரு சத்தமும் இல்லை. யோகமலரின் குரல் மட்டும்தான் கேட்டது.

ஆஸ்பத்திரியில் மண்டையோட்டைத் திறந்து மூளை வீக்கத்துக்கு வழி விட்டார்கள். மூன்று கிழமை பிள்ளை கண் திறக்கவில்லை. இரத்தினவேல் அமெரிக்காவில் ரெனசி மாநிலத்தில் லொறியை விட்டுவிட்டு விமானத்தில் ஓடி வந்தார். ஆஸ்பத்திரி நடையில் மனைவியைப் பிடித்து நிறுத்தி அவர் கேட்ட முதற் கேள்வி, "வீட்டிலை பிள்ளை உமக்கு ஒண்டும் சொல்லேல்லையே?"

"ஒண்டும் சொல்லேல்லை" என்றாள் யோகமலர். யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டி வந்தது. மூளை டொக்டர் கேட்டபோதும் அதைத்தான் சொன்னாள். லீக்கிலிருந்து ஒரு பெண் போன் எடுத்து விசாரித்தபோதும் அதையே சொன்னாள். இராஜரட்ணம் நடுங்கிப்போய் வீட்டுக்கே வந்து, "யோகமலர், அண்டைக்கு உண்மையாத்தானே சொன்னனீங்கள்?" என்று கேட்டபோது, "ஓம் டொக்டர், என்னட்டையும் மறைச்சுப் போட்டாள்" என்று அழுதாள். அழுகை மட்டும் நிசம்.

மார்ச்சில் லீக்கின் அறிக்கை வந்தது. வீராங்கனை தனக்கிருந்த அறிகுறிகளைப் பெற்றோர், மருத்துவர், அணி எவருக்கும் தெரிவிக்கவில்லை என்று அதில் ஒரு வசனம். கொக்குகள் முதற் சுற்றிலேயே தோற்று அந்த சீசன் முடிந்தது. கிளிபோட் அந்த வேலையை விட்டுவிட்டார். எல்லாப் பிள்ளைகளும் கையெழுத்துப் போட்ட ஜேர்சி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வரவேற்பறையில் இருந்து அந்த முதிய மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். பிள்ளையின் கண்ணைப் பார்த்தே தெரிந்திருக்க வேண்டும், முப்பது வருட அனுபவம் எனக்கு எதற்கு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யோகமலர் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை தலை குனிந்து பக்கத்திலேயே நின்றாள்.

ஏப்ரலில் அட்சயா வீட்டுக்கு வந்தாள். வலது கை வழங்கவில்லை. சொற்கள் ஒவ்வொன்றாகத் தேடித்தான் வந்தன. மூளை டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார்: அடி விழுந்த நாளும் அதற்கு முந்திய மூன்று நாலு கிழமையும் அவளுடைய ஞாபகத்தில் இனி வராது. நத்தார், அதாவது கிறிஸ்மஸ், வரைக்கும் நடந்தது ஞாபகத்தில் இருந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிதான். நடுவில் நடந்தது எதுவும் இல்லை. அதைக் கேட்டபோது யோகமலருக்குள் ஏதோ ஒன்று ஆறுதலாக மூச்சு விட்டது. அதை அவளே கவனித்தாள். தன்னை நினைத்து அருவருத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இரத்தினவேல் மருந்து எடுக்கப் போயிருந்தார். யோகமலர் சோற்றைக் குழைத்து மகளுக்குத் தீத்திக்கொண்டிருந்தாள். அட்சயா வாயைத் துடைத்துவிட்டு, மெல்லப் பேசினாள்.

"அம்மா. சொறி."

"என்னத்துக்கு?"

"அந்த... றிப்போற். அப்பா வாசிச்சவர். நான் கேட்டனான்." ஒரு சொல்லைத் தேடினாள். "நான் உங்களிட்டைச் சொல்லியிருக்கோணும். தலை இடிக்குது எண்டு. ஏன் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியேல்லை. ஞாபகம் இல்லை. நான்... மட்ச்சுக்கு ஆசைப்பட்டிருப்பன் போலை." கண்ணீர் ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் ஓடியது. "நீங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டனீங்கள். கிளிபோட்டும் பாவம். எல்லாம் என்ரை பிழை. நான் சொல்லியிருந்தா நீங்கள் விட்டிருக்க மாட்டீங்கள்தானே?"

நீ சொன்னாய், மூன்று தரம் சொன்னாய் என்ற சொற்கள் யோகமலரின் தொண்டை வரைக்கும் வந்தன. வாயைத் திறந்தாள். பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த உலகத்தில் அவளுக்கு மிஞ்சியிருந்த நம்பிக்கை முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது. வாசலில் காரின் சத்தம் கேட்டது.

"விட்டிருக்க மாட்டன்" என்றாள் யோகமலர். "பறவாயில்லை, பிள்ளை. அம்மாவுக்கு உன்னிலை கோவமில்லை."

அட்சயாவின் முகம் தெளிந்தது. அறிக்கையைக் கேட்ட நாளிலிருந்து மனதுக்குள் கிடந்த பாரம் இறங்கிவிட்ட நிம்மதியில் இடது கையால் தாயின் கையைப் பிடித்தாள். "தாங்ஸ் அம்மா" என்றாள்.